சிறுத்தைக்குலத்தானுக்கு ஒரு கேலி

உண்ணிக்குருவிகள் மரத்தில் உட்கார்ந்திருந்தன. அதுதான் கபாசோவுக்குப் பிடிக்கவில்லை.

எருமையின் முதுகைவிட்டு லேசில் இறங்காத பறவை அது. மேயும்போதும் படுக்கும்போதும் சேற்றில் புரண்டு எழும்போதும் அதன் தோளிலும் காதோரத்திலும் தொற்றிக்கொண்டு உண்ணி பொறுக்கும். அந்தச் சிவப்பு மூக்கு எங்கே தெரிகிறதோ அதற்குக் கீழே ஓர் எருமை இருக்கிறது என்பது லுவாங்வா ஆற்றோரத்தில் துப்பாக்கி தூக்கிய எவனுக்கும் தெரியும். இப்போது நாலைந்து குருவிகள் மோப்பானி மரத்தின் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்து, கீழே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தன.

"என்ன மச்சான், குருவிக்கு ஜோசியம் பாக்குறியா?" என்றான் சிசெங்கா.

"கொஞ்சம் பொறுடா. அதுங்க இறங்கட்டும். நீ சுட்ட எருமைக்கடா செத்திருந்தா இறங்கும், இல்ல அசந்து படுத்திருந்தா இறங்கும். ரெண்டும் இல்லாமத்தான் மரத்துல நிக்குது."

"அது இறங்குறதுக்குள்ள என் பொண்ணு சமைஞ்சு உக்காந்துருவா."

"உன் பொண்ணா? நல்லாருக்கே. தாய் என்ன குலமோ பிள்ளையும் அதே குலம். சிறுத்தை போயி ஆட்டுக்குட்டியப் பெத்திருக்கு. வெளிய சொல்லிக்காத, காட்டுல சிரிப்பாங்க."

"பெத்தது பெத்தாச்சு. பசிச்சா தின்னுக்கறேன்."

கபாசோ ஆட்டுக்குலம். சிசெங்கா சிறுத்தைக்குலம். இந்த இரண்டு குலத்துக்கும் இடையில் கேலிக்கு எல்லை கிடையாது. கோபித்துக்கொள்கிறவன்தான் அங்கே குற்றவாளி. கபாசோவின் தங்கை எனெலேசியைச் சிசெங்கா கட்டிக்கொண்ட பிறகு அந்தக் கேலி இரட்டிப்பானது. கேலியோடு ஒரு கடமையும் உண்டு. சிறுத்தைக்குலத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது ஆட்டுக்குலம். ஆட்டுக்குலத்தில் விழுந்தால் சிறுத்தை. பிணத்தைப் பார்த்ததும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு அதன் முன்னால் நின்று, செத்தவனை வாய்விட்டுக் கேலி செய்ய வேண்டும். முதலில் வருவது அழுகையாக இருக்கக்கூடாது. கேலி விழாமல் புதைத்தால் அது புதைத்ததாகவே ஆகாது என்பார்கள்.

அதனால் இவர்கள் இருவரும் ஒருவன் சாவை ஒருவன் பேசிப் பேசியே பழகியவர்கள். "உன் குழியில உப்பு போட்டுப் புதைப்பேன், ஆட்டுக்கறி கெட்டுப்போயிரக் கூடாதுல்ல" என்பான் சிசெங்கா. "உனக்குக் குழியக் குட்டையாத்தான் வெட்டுவேன், இந்த நெட்டைக் காலை மடக்கிக்கிட்டுப் படு" என்பான் கபாசோ. ஊரிலேயே உயரமானவன் சிசெங்கா.

காலையில் தண்ணீருக்கு வந்த ஒற்றைக் கடாவைச் சிசெங்காதான் சுட்டான். கிழட்டுக் கடா, கொம்பின் அடிப்பாகம் பாறை மாதிரி தடித்தது, உடம்பு முழுக்கக் காய்ந்த சாம்பல் சேறு. நாட்டுத்துப்பாக்கியின் குண்டு தோளுக்குப் பின்னால் இறங்க வேண்டியது, வயிற்றுப் பக்கம் இறங்கிவிட்டது. கடா முனகிக்கொண்டு புல்லுக்குள் போனது. காயப்படுத்திய எருமையை விட்டுவிட்டு ஊர் திரும்புகிற வழக்கம் அங்கே இல்லை. இன்று விட்டால் நாளை ஆற்றுக்குக் குடம் எடுத்துக்கொண்டு வருகிற பெண் அதன் வழியில் வருவாள். சுட்டவன்தான் முடிக்க வேண்டும்.

இறைச்சியும் வேண்டியிருந்தது. குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்தாகிவிட்டது. பெயர் வைக்க வேண்டும். என்ன பெயர் என்று சிசெங்கா யாரிடமும் சொல்லவில்லை, எனெலேசியிடம்கூட. கறி வீட்டு வாசலில் இறங்கினால்தான் வாயைத் திறப்பானாம். காலையில் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வரை வந்த எனெலேசி, புருஷனிடம் ஒன்றும் சொல்லாமல் அண்ணனிடம் சொன்னாள்.

"அண்ணே, கறி கிடைக்காட்டியும் பரவால்ல. இவரு எதாச்சும் வீரம் காட்டினா காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்துருங்க."

"காது எட்டாதும்மா" என்றான் கபாசோ. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவன் கூடவே வந்திருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது சிசெங்கா எழுந்து, நெஞ்சின் மேல் குறுக்கே போகும் இரண்டு வார்களையும் இழுத்து இறுக்கினான். நீர்யானைத் தோலில் அவனே அறுத்து முறுக்கிய வார்கள். முதுகில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி முடிச்சு விழும். வெடிமருந்துக்கொம்பு, கத்தி, தண்ணீர்ச் சுரைக்குடுக்கை எல்லாம் அதில்தான் தொங்கும். நடக்கும்போது குடுக்கை கத்திப்பிடியில் மோதி டொக், டொக் என்று சத்தம் வரும்.

"முதுகுல புள்ளையக் கட்டுற மாதிரி கட்டிருக்க. அந்தக் குடுக்கையையாவது அவுத்து வையேன், காது கேக்காத எருமைக்குக்கூட நீ வர்றது தெரிஞ்சுரும்."

"இந்த வாரைப் பத்திப் பேசாத மச்சான். இதுல யானையக் கட்டித் தூக்கலாம். இது அறுந்துச்சுன்னா என் பேரை மாத்திக்கறேன்" என்றவன், குடுக்கையை வாரின் இடுக்கில் செருகிக்கொண்டு புல்லுக்குள் நுழைந்தான்.

கபாசோ கடைசியாக ஒருமுறை மரத்தைப் பார்த்தான். கிளை காலியாக இருந்தது. குருவிகள் எப்போது பறந்தன, எந்தப் பக்கம் பறந்தன என்று அவன் கவனிக்கவில்லை.

உள்ளே வேறு உலகம். காற்று நின்றுபோய், பச்சையும் பழுப்புமான தண்டுகளின் இடுக்கில் வெக்கை மட்டும் தேங்கிக் கிடந்தது. புல்லின் சுணை கழுத்தில் அரித்தது. மிதிபட்ட தண்டுகளின் இனிப்பு வாசனைக்கு அடியில் சேறும் மூத்திரமும் மென்ற புல்லும் கலந்த எருமை வாடை இருந்தது. ஒரு கை தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. முன்னால் போகும் சிசெங்காவின் முதுகும் அதில் ஏறி இறங்கும் முடிச்சும்தான் கபாசோவுக்கு வழி. இலையில் கருத்துக் காய்ந்த இரத்தம் இருந்தது. அப்புறம் ஈரமான இரத்தம். அப்புறம் இரத்தமே இல்லை.

சிசெங்கா நின்றான். குனிந்து குளம்படியைப் பார்த்தான். அது இடது பக்கம் வளைந்திருந்தது. அவன் முகத்தைத் திருப்பியபோது அதில் கேலி இல்லை.

"திரும்பி வந்துருக்கு மச்சான்" என்றான், மூச்சுக்குள். "நம்ம பின்னாடி..."

புல் வெடித்தது. கபாசோ பார்த்தது ஒரு கறுப்பு நெற்றி, அதிலிருந்து விரிந்த கொம்பு, ஈரமான மூக்கு. துப்பாக்கியை எப்போது தூக்கினான், எப்போது விசையை இழுத்தான் என்பதே அவனுக்குத் தெரியாது. வெடித்தது, புகை எழுந்தது, சுவரைப் போன்ற ஏதோ ஒன்று அவனைப் பக்கவாட்டில் இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. பிறகு சிசெங்காவின் குரல். அலறல் இல்லை. கனமான மூட்டையைத் தோளில் ஏற்றும்போது வருமே, அப்படி ஒரு "ஹக்".

அவ்வளவுதான். புல் சரசரத்துக்கொண்டே தூரம் போனது. போய், அடங்கியது.

கபாசோ எழுந்து உட்கார்ந்தான். காதில் ரீங்காரம். கால் இருந்தது, கை இருந்தது. துப்பாக்கிக் குழலில் வெடிமருந்தைக் கொட்டினான், பாதி தரையில் விழுந்தது. பஞ்சை அடைத்தான். குண்டைப் போட்டுக் குச்சியால் இடித்தான். இடிக்கும் சத்தம் ஊருக்கே கேட்கும்போல் இருந்தது. இனி அவன் கையில் இருப்பது ஒரே ஒரு வெடி.

ஓடிப்போய் ஆள் கூட்டிவரலாம். கூட்டிவருவதற்குள் இருட்டிவிடும், கழுதைப்புலிகள் வந்துவிடும். எனெலேசியிடம் என்ன சொல்வது? காது எட்டவில்லை என்றா? அவன் எழுந்து சுவட்டைப் பார்த்து நடந்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடந்தான்.

சிசெங்காவின் துப்பாக்கி கிடைத்தது, குழல் வளைந்திருந்தது. ஒரு செருப்பு கிடைத்தது. கொஞ்சம் இரத்தம், அதிகமில்லை. சிசெங்காவைத்தான் காணவில்லை.

இழுத்துப்போன தடமும் இல்லை. இதுதான் கபாசோவுக்கு விளங்கவில்லை. எருமை மனிதனைக் குத்தும், மிதிக்கும், அங்கேயே போட்டுவிட்டுப் போகும். தூக்கிக்கொண்டு போக அது என்ன சிங்கமா? மனிதன் காலடி ஒன்றாவது இருக்கிறதா என்று மண்ணை மோந்து பார்க்காத குறையாகத் தேடினான். இல்லை. கடாவின் குளம்படி மட்டும்தான். பின்னங்கால் சுவடு காலையில் பார்த்த அளவுதான் இருந்தது. முன்னங்கால் சுவடு மட்டும் ஆழமாக, இரண்டு பங்கு ஆழமாக, மண்ணில் இறங்கியிருந்தது. இங்கே மண் இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மண் இளகியிருக்கவில்லை.

ஒரு நம்பிக்கை வந்தது. தப்பித்திருப்பான். நெட்டைக் காலன், ஒரே தாவில் எங்காவது மரத்தைப் பிடித்திருப்பான். கிளையில் உட்கார்ந்துகொண்டு, ஆட்டுக்குலத்தான் தேடி அலைவதை மேலேயிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். இருக்கட்டும். சிரிக்கட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கட்டும்.

பிறகுதான் புல்நுனியில் இரத்தத்தைப் பார்த்தான். எருமையின் வயிற்றுக் காயம் புல்லின் இடுப்பில் பூசும். இது அவன் தலைக்கு மேலே இருந்தது. வளைந்த நுனிகளில் வரிசையாக, புதிதாக, சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது. இளஞ்சூடாக இருந்தது.

அவன் நின்றுவிட்டான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

முன்னால். அதிக தூரமில்லை. சுரைக்குடுக்கை கத்திப்பிடியில் மோதுகிற சத்தம். பத்து வருஷமாக எரிச்சலோடு கேட்ட சத்தம். கபாசோவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டிவிட்டது. நடக்கிறான். உயிரோடு நடக்கிறான். சுவட்டில் ஏன் காலடி இல்லை, புல் ஏன் அவ்வளவு உயரத்தில் நனைந்திருக்கிறது என்ற கேள்வியெல்லாம் அந்தச் சத்தத்தில் அடித்துக்கொண்டு போனது.

மெல்லச் சீட்டியடித்தான், இரண்டு பேரும் தேன் எடுக்கப் போகும்போது அடித்துக்கொள்கிற சீட்டி. டொக் நின்றது. பதில் சீட்டி வரவில்லை. வாயில் அடிபட்டிருக்கும். அவன் நடந்தான். டொக், டொக். சத்தமும் நடந்தது. அவன் நின்றால் அதுவும் நின்றது. காத்திருக்கிற மாதிரி. கூட்டிப்போகிற மாதிரி.

"டேய், நில்லுடா. நாந்தான்."

டொக்.

"நில்லு, வர்றேன்."

வெளிச்சம் செம்மையாகி, பிறகு சாம்பலாகிக்கொண்டிருந்தது. எருமை வாடை மறுபடி ஏறியது, இப்போது அதில் இரும்பு வாசனையும் கலந்திருந்தது. டொக் என்று ஒருமுறை கேட்டது. ஏதோ பெரிய மூச்சு ஒன்று வெளியேறுகிற மாதிரி கேட்டது. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. பூச்சிகள்கூட வாயை மூடிக்கொண்டன.

புல் கொஞ்சம் விலகியது.

சிசெங்கா உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறப் புற்று ஒன்றில் முதுகைச் சாய்த்து, களைத்தவன் ஓய்வெடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே புல் மறைத்தது. தலை மார்பின்மேல் தொங்கியது. வார் அறவில்லை, இரண்டும் இறுகி, நெஞ்சை மேலே தூக்கிப் பிடித்திருந்தன. குடுக்கை பக்கத்தில் அசையாமல் தொங்கியது.

"மச்சான்" என்றான் கபாசோ.

திறந்திருந்த கண்ணின்மேல் ஈ உட்கார்ந்தது. கண் இமைக்கவில்லை.

கபாசோவின் உள்ளே எதுவோ அறுந்து விழுந்தது. பத்து வருஷத்து நடை, பத்து வருஷத்துச் சிரிப்பு, ஒரே இலையில் பிட்டுத் தின்ற சோளக்களி, எல்லாம் சேர்ந்து கண்முன் வந்து நின்றது. எனெலேசி வாசலில் நிற்பாள். பிள்ளை கையில் இருக்கும். அதற்குப் பெயர் இருக்காது. அந்தப் பெயர் இதோ, இந்த வாய்க்குள் இருந்தது.

சிசெங்காவின் தோளில் ஓர் உண்ணிக்குருவி வந்து உட்கார்ந்தது. சிவப்பு மூக்கு. இன்னொன்றும் வந்தது. அது புற்றின்மேல் இறங்கி, அதைக் கொத்தியது.

வேறு நாளாக இருந்தால் கபாசோ அந்த இடத்திலேயே உறைந்திருப்பான், வந்த தடத்திலேயே பின்னால் கால் வைத்திருப்பான். அவனுக்குத் தெரியாததா? அன்று அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தன் மச்சானின் காயத்தைக் கொத்த வந்த ஒரு பறவை. அது அவனுக்குத் தாங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலில் அழக்கூடாது. அழுதால் சிறுத்தைக்குலத்தான் அநாதையாகப் போய்விடுவான். கேலி செய்து வழியனுப்ப வேறு ஆட்டுக்குலத்தான் யாரும் இங்கே இல்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்தான், தன் கைக்கு எட்டாத தூரத்தில். வெறுங்கையை விரித்துக் காட்டினான். முன்னால் போய் நின்றான்.

"என்னடா நெட்டையா" என்றான். குரல் வரவில்லை. காறிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். "என்னடா நெட்டையா, பொண்டாட்டி புள்ளை பெத்தா நீயா வந்து படுத்துக்கறது? ஒரு கிழட்டு எருமை தள்ளிவிட்டுச்சாம், ஐயா உக்காந்துட்டாராம். சிறுத்தையாம் சிறுத்தை. பூனைக்குக்கூட உன்னைவிட மானம் உண்டுடா!"

புல்லில் எதுவோ அசைந்தது. அவன் கவனிக்கவில்லை. இப்போது அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தான்.

"உன்னைத் தூக்கிட்டுப் போக என்னால ஆகாது, சொல்லிட்டேன். சோம்பேறி நாயே, நீயே நடந்து வா! கறி எங்கடா? பிள்ளைக்குப் பேரு என்னடா? என்ன பேரு வச்சிருக்க? சொல்லிட்டுச் சாவுறதுக்கு என்ன கேடு உனக்கு? எந்திரி! எந்திரிச்சு வந்து உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு! எந்திரிடா!"

குருவிகள் சீறிக்கொண்டு மேலே பறந்தன.

டொக்.

சிசெங்காவின் தலை அசைந்தது. தொங்கிய முகம் மெல்ல நிமிர்ந்தது. ஒரு கணம், அந்த ஒரே ஒரு கணம், கபாசோவுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. கையை நீட்டினான்.

பிறகு புற்று மூச்சுவிட்டது.

சிசெங்கா எழுந்தான். காலை ஊன்றாமல் எழுந்தான். கையை ஊன்றாமல் எழுந்தான். வார் கிறீச்சிட்டது, அறவில்லை. அவன் தோளுக்கு இரு பக்கமும் முதுகு வார்களில் மாட்டிய இரண்டு கறுப்புக் கொம்புகள் வளைந்து வெளியே வந்தன. இடுப்பு புல்லைத் தாண்டியது. முழங்கால் தாண்டியது. செருப்பில்லாத பாதம் தரையை விட்டு வந்து காற்றில் ஆடியது. அவ்வளவு உயரமாக அவனை யாரும் பார்த்ததில்லை.

இரண்டு கையும் தானாக விரிந்தன. தலை குனிந்து கபாசோவைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது, பெயரைச் சொல்ல வந்தவனைப் போல.